கிரைண்டருக்குப் பொட்டு வைத்த ஆயுத பூஜை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பேனாவை எடுப்பேன், அடுப்பில் சுண்டல் பொங்கி வழியும், மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது ஒன்பதாவது. அது ஒரு தயக்கம். இன்னொன்று, வீட்டுக்காரர், "அதை எழுதினா நான் பட்டறைப் பக்கம் தலைகாட்ட முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன மாதம் ரிட்டயர் ஆகிவிட்டார். இனி தலைகாட்டவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துத் தாயாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்து வருவதுதான் முறை. ஆனால் அவளுக்குத் தூசி என்றால் ஆகாது, உடனே மூச்சு இழுக்கும். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் பின்பக்க அறையோ கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சேர்த்த சாமான்களின் கிடங்கு. சம்பந்தியம்மா அதை எட்டிப்பார்த்துவிட்டு நல்ல தன்மையாகத்தான் சொன்னார்கள்: "இடம் தோதுப்படலைன்னா சங்கடப்படாதீங்க. பிரசவத்தை நாங்களே கரூர்ல பாத்துக்குறோம்."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் நான் இருக்க, என் பெண் வேறு வீட்டில் கஷாயம் குடிப்பதா?

மாப்பிள்ளையிடம் போனில் பேசினேன். "ஆயுத பூஜைக்குச் சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு அத்தை. செவ்வாய்க்கிழமை விஜயதசமி, அன்னைக்கு சாயந்திரம் கூட்டிட்டு வரேன். அறை ரெடியா இருந்தா விட்டுட்டுப் போறேன், இல்லைன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுறேன். அப்புறம் எனக்கு லீவு கிடையாது" என்றார்.

சனிக்கிழமை காலை அறையைத் திறந்தோம். சுவரில் ஒரு காலண்டரைக் கழற்றினால் அடியில் இன்னொரு காலண்டர், அதற்கு அடியில் இன்னொன்று. எல்லாவற்றிலும் சாமி. எப்படித் தூக்கிப்போடுவது? ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருட்டி வைத்தேன். கடைசிக் காலண்டரைக் கழற்றியபோதுதான் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதே ஞாபகம் வந்தது.

சுவருக்கு அடிக்க வீட்டுக்காரர் பெயிண்ட் கொண்டுவந்தார். அவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. டப்பாவைத் திறந்தால் கரும்பச்சை.

"ஏங்க, இது மிஷினுக்கு அடிக்கிறதில்ல?"

"துருவே பிடிக்காது."

"சுவர் எங்கங்க துருப்பிடிக்கும்?"

சுவரைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்கு மட்டும் அந்தப் பச்சையை அடிக்கவிட்டு, சுவருக்குச் சந்தனக் கலரில் டிஸ்டெம்பர் வாங்கி வந்து நானே அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அறை புது அறையாகிவிட்டது. என் தலைமுடியும் சந்தனக் கலர்.

இனி பழைய சாமான்களைக் கொடுத்தனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஓடாத பெரிய கிரைண்டர், இரண்டு டேபிள் ஃபேன், ஒரு மிக்ஸி, செயின் இல்லாத சைக்கிள், மூடாத இரும்புப் பெட்டி. திங்கட்கிழமை மத்தியானம் பழைய இரும்புக்கடை பாயை வரச்சொல்லியிருந்தேன். அழுக்கோடு கொடுத்தால் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார் என்று காலையில் ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, நடையில் வரிசையாக வைத்தேன். பின் அறைக்குப் போக அந்த ஒரு நடைதான் வழி. பாய் எடுத்துக்கொண்டு போனதும் ஹாலில் சாய்த்து வைத்திருந்த புதுக் கட்டிலை உள்ளே கொண்டுபோக வேண்டும். இதுதான் என் திட்டம். வீட்டுக்காரர் பட்டறை பூஜைக்குப் போயிருந்தார். நான் தாயார் சன்னதிக்குப் போய், "என் பெண் நாளைக்கு என் வீட்டில் படுக்கணும் தாயே" என்று அழுது கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாசலிலேயே கற்பூர வாசனை வந்தது.

நடையில் கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. இரண்டு ஃபேனுக்கும் நெற்றி எங்கே என்று தேடிப்பிடித்துப் பொட்டு. சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பட்டறை பூஜையில் மிச்சமான சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்காரர் மிக்ஸிக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்ல நேரத்துல வந்த. ஒத்திக்க" என்று தட்டை நீட்டினார். ஒத்திக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது?

"இதெல்லாம் பழைய இரும்புக்குப் போடறதுக்கு வச்சதுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பழைய இரும்புக்குப் போறதை யாராவது சோப்புப் போட்டுத் தேய்ப்பாங்களா? பட்டறையில கழுவித் துடைச்சு வரிசையா வச்சா, பொட்டு வைன்னுதான அர்த்தம்? சைக்கிள்ல செயின் இல்லைன்னு பாத்தேன். சரி, சாமி கும்பிட்டுட்டு மாட்டிக்கலாம்னு நினைச்சேன்."

பாய் வந்தார். நடையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அம்மா, பூஜையில இருக்குற சாமான்ல நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கு இந்தத் தெருவுக்குள்ள நான் வந்து போகணும். முடிச்சுட்டுப் போன் பண்ணுங்க" என்று பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரர் பாவம், ஈரத்துணியோடு வந்தார். "துடைச்சுடறேன், நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போகட்டும்."

"வச்ச பொட்டை அழிக்கிறதா? புள்ளத்தாச்சிப் பொண்ணு வீட்டுக்கு வர்ற நேரத்துல?"

துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பொட்டோடு காயலான் கடைக்கு அனுப்பவும் மனசில்லை, பொட்டை அழிக்கவும் மனசில்லை. நடையிலோ ஆள் நுழைய வழியில்லை, கட்டில் எப்படி நுழையும்? அன்று முழுக்க நாங்கள் கிரைண்டரைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போனோம். தாண்டும்போதெல்லாம் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விஜயதசமி காலையில் விளக்கேற்றிவிட்டுத் தாயார் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமங்கலிப் பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து எப்படி அனுப்புகிறோம்? பொட்டோடும் பூவோடும்தானே, வெற்றிலை பாக்குக் கொடுத்து! எழுந்து ஓடினேன்.

"ஏங்க, நாம முறையா வழியனுப்பிடலாம்."

"யாரை?"

"கிரைண்டரை."

என்னை உற்றுப்பார்த்தார். "உனக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"எலுமிச்சம்பழம் வச்சப்ப உங்களை நான் கேட்டேனா?"

சாயந்திரம் லோடு ஆட்டோவோடு பாய் வந்தார். மகளுக்கென்று கரைத்து வைத்திருந்த ஆரத்தியையே எடுத்துக் கிரைண்டருக்குச் சுற்றினேன். எதிர்வீட்டு மாமி ஓடி வந்தாள்.

"ஏன்டிம்மா, ஆரத்தி வர்றவாளுக்குன்னா எடுப்பா? போறவாளுக்கு எடுக்கறே?"

"போயிட்டு நல்லா இருக்கணும்ல மாமி."

"எது? கிரைண்டரா?"

பாய்க்குத் தாம்பூலம் கொடுத்தேன். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். "அம்மா, எடை போடலாமா, கூடாதா?"

"வழியனுப்புறதை யாராவது எடை போடுவாங்களா? எடுத்துட்டுப் போங்க பாய்" என்றார் வீட்டுக்காரர். சைக்கிளின் சீட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் நல்ல மனுஷர். கிரைண்டர் மாலை நசுங்காமல் தூக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்து, "கவலைப்படாதீங்கம்மா, பத்திரமா பாத்துக்குறேன்" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் கார் தெருவில் திரும்பியது. நேர் எதிரே மாலை போட்ட கிரைண்டரோடு லோடு ஆட்டோ. பின்னால் அழுதுகொண்டு நான், கையில் ஆரத்தித் தட்டு. மகள் மெதுவாக இறங்கினாள்.

"அம்மா, இந்த ஆரத்தி எனக்கா, அதுக்கா?"

"அதுக்கு எடுத்துட்டேன்டி. இரு, உனக்குப் புதுசா கரைக்கிறேன்."

"கிரைண்டர் முன்னாடி, நான் பின்னாடியா? அப்பா, இது எத்தனை நாளா நடக்குது?"

ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை, வீட்டுக்காரர், பாய் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். நடை காலியாக இருந்தது. கட்டில் ஒரு இடத்தில்கூட இடிக்காமல் போய்ப் பின் அறையில் உட்கார்ந்தது. மகள் அந்த அறையின் வாசற்படியில் நின்று உள்ளே மூச்சை இழுத்தாள். மாப்பிள்ளை அவள் மூக்கையே பார்த்தார். நான் பெருமாளே பெருமாளே என்று முணுமுணுத்தேன். பாய்கூடப் போகாமல் நின்றார்.

தும்மல் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், அப்படியே சாய்ந்து படுத்துவிட்டாள். "பையை இறக்குங்க" என்று மாப்பிள்ளையிடம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். பேரன் பிறந்து மூன்றாம் மாதம்வரை அந்தக் கட்டிலில்தான் இருந்தாள். கஷாயம் என் கையால்தான் குடித்தாள், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான், ஆனாலும் குடித்தாள்.

இந்தக் கதை மாமி வாயால் திருவானைக்காவல் போய், அங்கிருந்து கரூர் போய்ச் சேர்ந்தபோது, நான் கிரைண்டருக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டேன் என்று ஆகிவிட்டதாம். சம்பந்தியம்மா போன் செய்து, "என்ன கலர்?" என்று கேட்டார்கள். அதனால் படிக்கிற உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். புடவை கிடையாது, வெறும் மாலைதான்.