கேன்டீன் அக்காவின் காது

ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபத்தாறு வருடம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, "அடுத்து! அடுத்து!" என்று தட்டு நீட்டியவர் அக்கா. தன் சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் அடுப்போரம் நின்றபடியே விழுங்குவார். உட்கார்ந்து, நாலு பேரோடு பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

அதனால்தான் தங்கை, "கப்பல்ல ஒரு வாரம் சுத்தப் போறோம், நீயும் வாக்கா" என்றதும் துள்ளினார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு அதே மேசை, அதே எட்டுப் பேராம். தன்னையும் தங்கையையும் அவள் கணவரையும் கழித்தால் ஐந்து புது சிநேகிதர்கள்!

மூன்று இரவு போயிற்று. ஐந்து பேரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், உப்பு வேண்டுமா என்று கையால் கேட்டார்கள். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வாயெடுத்தால் தங்கை முந்திக்கொண்டு வேறு கதையை ஆரம்பித்தாள்.

"என்னடி திமிரு இவங்களுக்கு? பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

"அவங்க அப்படித்தான்கா. விடு."

நான்காம் நாள் காலை, சாப்பாட்டு வரிசையில், அதே மேசைக்காரரான ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் அக்காவின் காதருகே குனிந்து அலறினார். "ஆம்லெட்! நல்லா! இருக்கு!"

அக்காவின் தட்டு நழுவப் பார்த்தது. "ஏன் சார் கத்துறீங்க?"

"உங்களுக்குச் சுத்தமா காது கேக்காதாமே? பேச்சுக் கொடுத்தா சங்கடப்படுவீங்கன்னு உங்க தங்கச்சிதான் சொன்னாங்க."

தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தங்கையின் அறைக்கதவை இடித்தார் அக்கா.

"எனக்கு எப்போடி காது போச்சு?"

"கத்தாதக்கா. மேசையில என் வீட்டுக்காரரோட மேனேஜர் குடும்பம் இருக்கு. நீ வாயத் தொறந்தா குண்டான், கரண்டின்னு கேன்டீன் கதைதான் வரும்."

"உன் பிரசவத்துக்கு அந்தக் குண்டான்லேர்ந்துதான்டி பத்து நாள் மாடி வார்டுக்குச் சோறு தூக்கிட்டு வந்தேன். 'அக்கா, பசிக்குது'ன்னு நீ முனகினது அப்ப எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு!"

அன்று இரவு அக்கா முதல் ஆளாகப் போய், தங்கைக்கு எதிர்ப்பக்கம், மேனேஜர் மனைவிக்கும் ரயில் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். சூப் வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"அடிப்பிடிச்ச சூப். வேற பாத்திரத்துக்கு மாத்தி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு மறைச்சிருக்கான். நானூறு பேருக்கு நானும் இதே வேலை பண்ணியிருக்கேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல."

கரண்டிகள் நின்றன. தங்கையின் முகம் வெளிறியது. மேனேஜர் மனைவி நாற்காலியை அக்கா பக்கம் இழுத்தார்.

"உங்களுக்குக் காது கேக்குமா! அது இருக்கட்டும், மொதல்ல அந்த எலுமிச்சம்பழத்தச் சொல்லுங்க. எங்க வீட்டுல வாரம் ஒருநாள் அடிப்பிடிக்குது!"

மேசை சிரித்தது. அக்காவுக்கு மட்டும் இன்னும் கொதித்தது. மூன்று இரவு வீண்!

"அக்கா, போதும்," தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "மெதுவா பேசேன்."

"என்னது?" கேன்டீன் ஜன்னல் குரலில் கேட்டார் அக்கா. "எனக்குத்தான் காது கேக்காதே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"