வறுத்த விதை

எனக்கு முன்கோபம் அதிகம் என்று குப்பத்தில் சொல்வார்கள். முன்கோபம்கூடப் பரவாயில்லை, அதற்குப் பின்னால் வருகிற வீம்புதான் என்னைக் கெடுத்தது.

அக்கா மகள் பெரியவளானபோது அக்கா எனக்குப் போனில்தான் சொன்னாள். தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டாமா? எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் அக்கா இருக்கிற அனுப்பம்பட்டுக்கும் நடுவில் ஏழு கடலா இருக்கிறது? நான் போகவில்லை. மாமன் சீர் இல்லாமலேயே மஞ்சள் நீராட்டை நடத்தினார்கள். அதோடு இரண்டு வருடம் பேச்சில்லை.

பிறகு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன என் மனைவியிடம், அக்கா தன் வீட்டு வேலியில் காய்த்த சங்குப்பூ விதைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவள்தான் முதலில் இறங்கி வந்தாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொண்டால் என் மரியாதை என்னாவது?

"தரையில தேச்சிட்டு, ஒரு ராத்திரி ஊற வெச்சுப் போடணும்னு உங்க அக்கா சொன்னாங்க" என்றாள் மனைவி.

"விதை போடறதுக்கு அவ எனக்குப் பாடம் எடுக்கிறாளா?" என்றேன்.

உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டியில் கரை மணலை நிரப்பிப் பாதி விதையைப் புதைத்தேன். தினமும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். எங்கள் வீட்டு முருங்கைக்கு அதுதான் உரம். கருவாட்டுக்கு உப்புப் போட்ட தொட்டியைக் கழுவின தண்ணீரும் அதில் கலந்திருக்கும் என்று யார் யோசித்தது? எங்கள் போர்த் தண்ணீரே உப்பு. குடிக்கிற கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவன் எங்கள் குப்பத்தில் யாருமில்லை.

இருபது நாள் பார்த்தேன். தோண்டினால் போட்டது போட்டபடி, கருங்கல் மாதிரி கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "நல்லாகீறியாடா? சாப்ட்டியா?" என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். நான் எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

"விதைய வறுத்து அனுப்பிச்சியா? என் வீட்ல எதுவும் தழைச்சிடக் கூடாதுனுதானே?"

"இன்னா வார்த்தடா இது" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

மிச்ச விதைகளை என் மனைவி எடுத்து, வாசல் சிமெண்ட் படியில் தேய்த்து, ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறாள். காலையில் எல்லாம் பருத்திருந்தனவாம். நான் பார்த்தால் தூக்கி எறிந்துவிடுவேன் என்று பயந்து, பெயிண்ட் வாளியில் போட்டுப் பக்கத்து வீட்டு மாடியில் வைத்து வளர்த்தாள். கொடி நீலமாகப் பூத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உங்க அக்கா சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளோடாவது சண்டை போட்டிருப்பேன். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் செய்தேன். எடுக்கவில்லை. கடைசியில் கொடி வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பொன்னேரியில் இறங்கி, ரயில் பிடித்து அனுப்பம்பட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதைக் கையில் கொடுத்தால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அக்கா வீட்டு வேலியில் வெறும் கம்பிதான் இருந்தது. அக்கா மகள் வெளியே வந்தாள். என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். "வாங்க மாமா" என்றாள், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. நான் வேலியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நீங்க போன்ல பேசினீங்களே, அன்னிக்கே அம்மா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டாங்க" என்றாள்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும், சட்டென்று நின்றது.

"அம்மா எங்கம்மா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்ல இல்லைனு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க மாமா."