பசுவின் கழுத்தில் பாதுகாப்புச் சங்கிலி

எங்கள் வீட்டைப் போல ஒரு சங்கிலிக்கு மரியாதை கொடுத்த வீடு இலங்கையில் வேறு இருக்காது. திருநீறு பூசினோம், பொட்டு வைத்தோம், மழை பட்டால் துடைத்து எண்ணெய் போட்டோம். அது இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அதை வைக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கடற்கரை முழுக்க வெள்ளை வாகனங்கள். எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம். கடல் எங்களைத் தொடவில்லை. என் புருஷனிடம் ஒரு மெசினும் பெட்டியும் இருந்தன. உழவு இயந்திரத்தை நாங்கள் மெசின் என்போம், அதன் பின்னால் இழுபடுவது பெட்டி. பெரியகல்லாற்றில் முகாம் கட்டுவதற்குப் பலகையும் தகரமும் ஏற்றித் தர வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் கூப்பிட்டது. இவர் தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை மாதிரி வாவிப் பாலம் தாண்டிப் போனார்.

முகாம் வாசலில் நிற்பாட்டிவிட்டார்கள். நெடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் வயிற்றில் ஊர்ந்து பெட்டிக்கு அடியில் போனாராம். மெசினையும் பெட்டியையும் சேர்த்திருந்தது என்ன? அலவாங்கில், கடப்பாரையில், வெட்டிய ஒரு துண்டு ஆணி. அது மேலே கிளம்பாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பில் ஒரு கட்டு. எங்கள் ஊரில் எல்லாப் பெட்டியும் இப்படித்தான் ஓடும். அந்த மனிதர் வெளியே வந்து ரியூப்பை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, அதைப் படம் எடுத்தாராம். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மொழிபெயர்க்க வந்த பெடியன் சட்டத்தைச் சொன்னான். ஆணியோடு சேர்த்து இரண்டு சங்கிலி வேண்டும். சரக்கேற்றிய பெட்டியின் முழுப் பாரத்தையும் ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்க வேண்டும். பெட்டியை மெசினோடு சேர்க்கும் முன்தண்டுக்குக் கீழே இரண்டையும் குறுக்காகப் போட வேண்டும். ஆணி கழன்றால் தண்டு அந்தக் குறுக்கில்தான் விழும், நிலத்தில் குத்தாது. நிலத்தில் இழுபடும் அளவுக்கு நீளமும் கூடாது, வளைவில் திரும்ப முடியாத அளவுக்கு இறுக்கமும் கூடாது. கொக்கிக்கு மூடி இருக்க வேண்டும், கம்பி கட்டிச் சமாளிக்கக் கூடாது. இவ்வளவும் சொல்லி, புதுச் சங்கிலி இரண்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மனிதருக்கு வந்த ரோசத்தைப் பார்க்க வேண்டும். “நான் ஓட்டுற மெசினில ஆணி கழருமா?” என்று முற்றத்தில் நின்று உலகத்தையே கேட்டார். மாமி, அவரைப் பெற்ற புண்ணியவதி, மகனை அவமதித்த வெள்ளைக்காரனுக்கு மண்ணள்ளித் தூற்றினாள். ஆனால் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நல்ல கனம், நல்ல பளபளப்பு. உடனே ஒன்று அவளுடைய பசுவின் கழுத்துக்குப் போனது. மற்றது எங்கள் வாசல் கதவுக்கு.

அதன்பிறகு அந்தச் சங்கிலிகளுக்கு இரண்டு உத்தியோகம். விடிந்ததும் பசுவிடமிருந்தும் கதவிலிருந்தும் கழற்றிப் பெட்டியில் போடுவார். முகாம் வாசலுக்கு முந்திய வளைவில் இறங்கி, சட்டப்படி குறுக்காகக் கொழுவுவார். உள்ளே போய் இறக்கிவிட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடுவார். கொழுவிக்கொண்டு ஓடினால் மற்ற மெசின்காரர் விடுவார்களா? மெசினுக்கு ஏன் விலங்கு போட்டிருக்கிறது, என்ன களவெடுத்தது என்று கேட்டுச் சிரித்தார்களாம். சிரித்தவர்களும் அந்த வளைவில் நின்று இவரிடம் அதே சங்கிலியை இரவல் வாங்கித்தான் உள்ளே போனார்கள். அந்த வெள்ளைக்காரர் எல்லாப் பெட்டியிலும் சங்கிலி கண்டு மகிழ்ந்து ஊருக்குப் போயிருப்பார். நல்ல மனிதர், பாவம்.

முகாம் வேலை முடிந்தது. சண்டை திரும்பத் தொடங்கியது. நான் பிள்ளைத்தாய்ச்சியானேன்.

கலியாணம் கட்டி எத்தனையோ வருடம் கழித்து வந்த வயிறு அது. நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. அதுவரை என்னை மலடி என்று சாடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த மாமி, ஒரே நாளில் என்னை முட்டையாக்கிவிட்டாள். கிணற்றடிக்குப் போகாதே, குனியாதே, சிரிக்காதே. இவர் வயிற்றில் காது வைத்துப் படுத்து, உதை வாங்கும்போதெல்லாம் பட்டம் கிடைத்தவர் போலப் பல்லைக் காட்டுவார். எட்டாம் மாதத்தில் ஷெல் எங்கள் வயல் வட்டைக்குள்ளேயே விழத் தொடங்கியது. ஊரே பாலம் தாண்டிக் கடற்பக்கம் போக வெளிக்கிட்டது. எல்லாருக்கும் உயிர் போகும் பயம். எனக்கு அது இரண்டு உயிர்.

பெட்டிக்குள் வைக்கோல் போட்டு என்னை ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சனமும் அரிசி மூட்டையும் பாயும் பானையும் ஏறின. மாமி பசுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்று, அதைப் பெட்டியின் பின்பக்கத்தில் சங்கிலியோடு கொழுவினாள். இவர் கதவை மற்றச் சங்கிலியால் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ஷெல் வந்தால் கதவைத் தட்டிவிட்டுத்தானே வரும்.

நான் மேலே இருந்து கேட்டேன், முன்னுக்குச் சங்கிலி போடல்லையா என்று.

“ஆரு புள்ள இப்ப பாக்கப் போறா?” என்றார்.

பாலத்துக்குப் போகும் கிரவல் றோட்டில் ஒரு இறக்கம் இருக்கிறது. அதில் ஒரு பள்ளக் கிடங்கில் பெட்டி விழுந்து எழும்பியபோது ரியூப் அறுந்தது, ஆணி துள்ளியது. முன்தண்டு நிலத்தில் குத்தி, பெட்டி முன்பக்கம் கவிழ்ந்தது. அரிசி மூட்டையும் சனமும் நானும் ஒன்றாக முன்பலகையில் போய் மோதினோம். பலகை என் வயிற்றில்தான் பட்டது. என்னை மலடி என்று சொன்ன அதே மாமி என் மேல் விழுந்து மூட்டைகளைத் தன் முதுகில் தாங்கினாள். அவளுக்குக் கை முறிந்தது. பசுவுக்கு ஒன்றுமில்லை. அதுதானே பாதுகாப்புச் சங்கிலியில் இருந்தது.

இவர் மெசினோடு இறக்கத்தின் அடி வளைவு வரைக்கும் போய்விட்டார். புழுதிக்குள் மெசின் திடீரென்று இலேசானபோது, றோட்டு நன்றாகிவிட்டது என்று நினைத்தாராம். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மெசினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. என் முன்னால் முழங்காலில் விழுந்தார். வயிற்றைத் தொடப் பயந்து கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“புள்ள, அசையுதா?”

அசையவில்லை. பலகை பட்டபோது ஒரு தரம் உருண்டது, அதோடு சரி. ஆனால் அவர் இருந்த கோலத்தில் அதைச் சொன்னால் மெசினை ஓட்ட ஆள் இருக்காது, நாங்கள் எல்லாரும் அந்த இறக்கத்திலேயே கிடப்போம்.

“அசையுது. கெதியா போங்க,” என்றேன்.

போனார். ஆணியைத் தேடிப் போட்டு, பெட்டியைத் திரும்பக் கொழுவிக்கொண்டுதான். பாலத்தடியில் சனம் நெரிந்து நின்றது, சோதனைச் சாவடியில் வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துத் தந்தார்கள். பெண். அவளுக்கு நிறைய முடி இருந்தது, மூச்சு இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

சண்டை முடிந்து ஊருக்கு வந்தபோது, கதவும் சங்கிலியும் பூட்டும் அப்படியே இருந்தன. வீடுதான் இல்லை. இவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம் போல ஏதும் சொல்வேன் என்று மாமி என்னைப் பார்த்தாள். நான் அடுப்புக் கூட்டக் கல்லுப் பொறுக்கப் போனேன். இப்போது இவர் வயலுக்குப் போக ஒரு எட்டு எடுத்து வைப்பதென்றாலும் குனிந்து இரண்டு சங்கிலியையும் குறுக்காகக் கொழுவாமல் மெசினை எடுப்பதில்லை. யாரும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கிறார்.

ஒரு அறுவடை நேரம் வட்டையில் பெட்டி நிழலில் இருந்து மத்தியானச் சோறு சாப்பிட்டோம். இவர் சோற்றைத் தொடாமல், என்னையும் பார்க்காமல் கேட்டார்.

“அண்டைக்கு றோட்டில வச்சு, அசையுது எண்டு சொன்னாய். மெய்தானா?”

இத்தனை வருடமும் இதைத்தான் மென்றுகொண்டு இருந்திருக்கிறார். அப்போது அசைந்தது என்றால், பிறகு நடந்ததற்கு வெயில் காரணம், பாலம் காரணம், சண்டை காரணம், கடவுள் காரணம். அசையவில்லை என்றால் அந்த ஆணி மட்டும்தான். என் வாய்க்கு ஊரில் தப்பியவர் யாருமில்லை. வாயைத் திறந்தேன்.

“ஓம். நல்லா அசைஞ்சிச்சு,” என்றேன். “பாலத்தடி வரைக்கும் உதைச்சுக்கொண்டுதான் இருந்தவள்.”

அவர் தலையாட்டினார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.