சுரண்டிய பக்கம்

சவுரியப்பன் சி.டி. துடைக்கும் விதமே தனி. நடு ஓட்டையில் ஆள்காட்டி விரலைச் செருகி, பளபளக்கும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, வேட்டி நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக இழுப்பார். ஒரு இழுப்பு, ஒரு ஊதல். வட்டமாகத் துடைக்கிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. துடைத்ததும் பளபளப்பு மேலே தெரியும்படி கவிழ்த்து வைப்பார். அடியில் மணல் கிடந்தாலும் கவலையில்லை. அந்தப் பக்கம் வெறும் படம்தானே என்பார்.

கடத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவர் தகரப் பெட்டியோடு வந்தது எங்கள் பங்குக் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு முன்பு. என் நினைவு தெரிந்த நாளாகத் திருவிழாவுக்கு அவருடைய மைக் செட்தான். இந்த வருஷம் மாதேஸ்வரன் போட்டிக்கு வந்திருந்தான். அவரிடம் பல வருஷம் மரமேறி ஒலிபெருக்கி கட்டியவன். இப்போது சொந்த செட் வைத்திருக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் கோயில் முன் பாட்டுப் போட வேண்டும், யாருடையது நன்றாகக் கேட்கிறதோ அவருக்கே திருவிழா என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"அவன் போடுறது செல்போன் பாட்டு. பிழிஞ்ச சக்கை," என்றார். "என்னுது கம்பெனி சி.டி. ப்ளேயர்ல லென்ஸ் போயிருச்சு. ஒரு பொட்டு சத்தம் கொறையாம பென் டிரைவ்ல ஏத்து. எம்பி த்ரீ பண்ணுனியோ, கையை ஒடைப்பேன்."

"ஃப்ளாக்ல பண்ணலாங்க. எதுவும் கொறையாது."

"நீ ஒரு காப்பி வெச்சுக்குவியே." நாற்காலியை இழுத்து என் முழங்கையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் சி.டி. திறக்கவில்லை. அடுத்தது உள்ளே கரகரவென்று சுற்றி நின்றது. வெளியே எடுத்து மேல்பக்கத்தைப் பார்த்தேன். படமும் பெயரும் இல்லை. ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் கிழிசல் கிழிசலாக ஊடுருவி வந்தது.

"மேல என்னங்க பண்ணுனீங்க?"

"பிளேடு போட்டுச் சுரண்டுனேன். மாதேசு இந்தக் கடைக்கு வர்றவன். பேரைப் பாத்தான்னா அதே சி.டி.யத் தேடி வாங்கிருவான். ரெக்கார்டு காலத்துலயே நாங்க பேர் போட்ட நடுத்தாளைக் கிழிச்சுட்டுத்தான் வெளிய எடுப்போம். தொழில் பண்றவனுக்குத் தெரியும். உனக்கென்ன தெரியும்?"

ரெக்கார்டில் அந்தத் தாள் வெறும் தாள். சி.டி.யில் பாட்டு இருப்பதே படத்துக்கு அடியில் உள்ள மெல்லிய தகட்டில்தான். பளபளக்கும் பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். பிளேடு தகட்டையும் சேர்த்து எடுத்திருந்தது. இதை அவரிடம் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"பாட்டு கீழ இருக்குதுடா. லென்சு கீழதானே இருக்குது?"

"கீழயிருந்து பாக்குதுங்க. பாட்டு மேல இருக்குது."

"மாதேசு உனக்கு என்னா வாங்கிக் குடுத்தான்? பிரியாணியா?"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் இருந்த அத்தனையையும் போடச் சொன்னார். ஒன்றுகூடப் பாடவில்லை. "மிசினும் ஓட்டை, நீயும் ஓட்டை," என்றார். அவரைத் தேடி வந்த அவர் மனைவி ராஜமேரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தப் பையன ஏன் வையறீங்க? வேண்டாம்னு பிளேடைப் புடுங்குனேன், கேட்டீங்களா?"

"நீ வூட்டுக்கு நட."

ஞாயிற்றுக்கிழமை அவர் செட் இல்லாமல் வந்தார். மாதேஸ்வரனின் ஒலிபெருக்கிக்கு எதிரே கைகட்டி நின்று, பாட்டுக்குப் பாட்டு "சக்கை" என்றார். யாரும் மறுக்கவில்லை. திருவிழாவை மட்டும் மாதேஸ்வரனுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பூசையில் நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் நான் பின்னால் நின்றால், சவுரியப்பன் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்.

தேர் அன்று, செல்போன் செட்டோடு சேரவில்லை என்று மாதேஸ்வரன் என்னைக் கூப்பிட்டான். சரிசெய்து கொடுத்தேன். அவன் போனை வாய்க்கருகே கொண்டுபோய்ப் பாட்டின் முதல் வரியைச் சொன்னான். இரைச்சலில் அது வேறெதையோ எடுத்தது. மறுபடி சொன்னான்.

"டைப் பண்ணுங்கண்ணா."

"எழுத்துத் தெரியாது தம்பி. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல."

"சவுரியப்பன் ஐயாவுக்கு அது தெரியாதா?"

"வேலைக்குச் சேர்றப்ப மரமேறத் தெரியுமான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல."