புதிய மொழிபெயர்ப்புக்கு நான் போட்ட ஓட்டு

போன ஞாயிறு தம்பி மகள் என் போனில் பைபிள் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். திறந்ததும், எந்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வியை வைத்து ஒரு மனிதரை நான் படுத்திய பாடு அதற்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்கு இருபது வயது. ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. கையில் எந்நேரமும் ரப்பர் வாடை. கோயிலுக்குப் போகும்போது முகத்துக்குப் போடும் பவுடரைக் கைக்கும் பூசிக்கொள்வேன், பெரிய மகாராணி! சபையில் முக்கால்வாசிப் பேர் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் மத்தூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. சபைச் செயலர் ஞானமுத்து திருநெல்வேலிக்காரர். பழைய மொழிபெயர்ப்பை அவர் கணீரென்று வாசித்தால் கைக்குழந்தைகூட அழாது.

ஒருநாள் போதகர் என்னை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வசனத்தில் 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள' வந்தது. ஞானமுத்து எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தமிழ் வாயில வராட்டி எதுக்கும்மா மேடை ஏறுதே? போயி உக்காரு."

சபை சிரித்தது. என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களும் சிரித்தார்கள்.

மறுவருஷம் பாடகர் குழுவில் சேர்ந்தேன். அங்கே பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: ஞானமுத்து விரித்து வைத்திருந்த பக்கம் ஒன்று, வாசித்தது வேறொன்று. பார்வை போய்விட்டது, எல்லாம் மனப்பாடம். நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பிறகு கமிட்டியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆராதனைக்கு எந்த மொழிபெயர்ப்பு என்ற பேச்சு எழுந்ததும் முதலில் எழுந்தவள் நான்தான். கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களுக்குப் பழைய தமிழ் விளங்கவில்லை, எளிய தமிழில் வந்ததை வாங்குவோம் என்றேன். அத்தனையும் உண்மை. ஆனால் அதற்காக நான் பேசவில்லை. ஞானமுத்து கடைசிவரை எதிர்த்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஒரு ஓட்டில் நாங்கள் ஜெயித்தோம். முதல் ஞாயிறு வாசிப்பவர் பட்டியலில் அவர் பெயரை நானே எழுதினேன்.

மேடையேறிப் புதுப் புத்தகத்தை மூக்குவரை கொண்டுபோனார். பிறகு பழைய வார்த்தைகளையே சொல்லத் தொடங்கினார். கீழே எல்லார் கையிலும் புதியது. பக்கம் புரட்டும் சத்தம், பிறகு முணுமுணுப்பு. பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, பாடகர் பக்கம் திரும்பினார்.

"எங்கேம்மா இருக்க? நீயே வாசி."

வாசித்தேன். 'ழ' அன்றைக்கும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் இனித்தது, அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

அந்த வருஷமே மகனோடு ஊருக்குக் கிளம்பினார். போகும்முன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஷிப்டுக்குப் போயிருப்பதாக அம்மாவைச் சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பிள்ள வந்தா சொல்லுங்க, அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான்னு."

நான் வெளியே வரவில்லை.

இப்போது கோயிலில் வசனம் திரையில் ஓடுகிறது. வாசிப்பு மேடை இருந்த இடத்தில் டிரம்ஸ் நிற்கிறது. புத்தகம் பார்க்காமல் ஒரு அதிகாரம் முழுவதையும் சொல்ல, எங்கள் சபையில் ஒருவரும் இல்லை.