வலது கண்ணின் மூன்றாவது எண்

என் மனைவியின் தம்பிக்கு நான் அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். வீட்டுக்காக வாங்கிய கடன் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடிக்கு! அதுவரை யாரிடமும் கை நீட்டாதவன் நான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. இரும்புத் தகடு அறுக்கும் பட்டறையில் கிரேன் ஓட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. கீழே நின்று தகட்டுக்குச் சங்கிலி மாட்டுகிறவனாகச் சேர்ந்து, பதினோரு வருடத்தில் மேலே கூண்டில் ஏறி உட்கார்ந்தேன். தரையில் ஒரு தீப்பெட்டியை வைத்தால், அந்த உயரத்திலிருந்து கொக்கியை இறக்கி அதைத் தொட்டு நிறுத்துவேன். பெட்டி நசுங்காது. அந்தப் பட்டறையில் இதைச் செய்ய எனக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்த வருடம் எல்லோருக்கும் கண் பரிசோதனை வைத்தார்கள். எண்கள் எழுதிய பலகையில் மூன்றாவது வரிக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, ஏழு நாள் டைம். கண்ணாடியோட வந்து ஏழாவது வரியைப் படிச்சிருங்க. இல்லேன்னா பழையபடி கீழே சங்கிலிதான். சம்பளமும் பாதிதான்.”

அன்றைக்கே கண் டாக்டரம்மாவிடம் போனேன். ஏதேதோ வில்லையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதினார். வலது கண்ணுக்கு மூன்று எண், இடது கண்ணுக்கு ஒன்றே ஒன்று.

“என்னம்மா இது, லாட்டரி நம்பரா?” என்றேன்.

சிரித்துவிட்டார். “மொதல் எண்ணுக்கு முன்னாடி மைனஸ் இருக்குல்ல? உங்களுக்குத் தூரத்துல இருக்கறது மங்கலா தெரியுதுன்னு அர்த்தம். ரெண்டாவது எண் எதுக்குன்னா, உங்க வலது கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி இல்லாம முட்டை மாதிரி வளைஞ்சிருக்கு. அதைச் சரிக்கட்ட. மூணாவது எண் பவரே இல்ல. அந்த ரெண்டாவது பவரை எந்தச் சாய்வுல வைக்கணும்ங்கற டிகிரி. உங்களுக்கு இருபது.”

டாக்டரம்மா ஒரே தடவைதான் சொன்னார். எனக்கு அது போதும்.

கண்ணாடிக்குப் பணம் வேண்டுமே! மாதக் கடைசி. மச்சினன் பெயின்ட் கடை வைத்திருந்தான். கல்லாவைத் திறந்து அறுநூறை எண்ணிக் கொடுத்தவன், கூடவே வாயையும் திறந்தான்.

“வர்ற சம்பளத்துல குடுத்துருங்க மாமா. கிரேன்லேருந்து எறக்கிட்டாங்கன்னா கவலைப்படாதீங்க. நம்ம கடையில டப்பா தூக்க ஆள் வேணும்.”

கடைப் பையன்கள் முன்னால் சொன்னான். பணத்தையும் சீட்டையும் நேராகக் கண்ணாடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு கடைப் படியில் கால் வைத்தேன், படி என்னை விட்டுச் சரிந்து ஓடியது. தெருவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர், “புதுக் கண்ணாடி அப்படித்தான் சார் இருக்கும். பழகிரும்” என்றார். நம்பினேன். நான்காம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் வாந்தி. கண்ணாடி போடாதபோது தெரிந்ததுகூடப் போட்டால் தெரியவில்லை. சோறு போடும்போது மனைவி கேட்டாள், “என்னங்க, தட்டை ஏன் இப்படிக் கோணலா பிடிக்கிறீங்க?” நான் நேராகத்தான் பிடித்திருந்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். மறுநாள் இரண்டு மணிக்குப் பரிசோதனை. வலது கண்ணைப் பொத்தினேன். சுவரில் இருந்த காலண்டர் பளிச்சென்று தெரிந்தது. இடது கண்ணைப் பொத்தினேன், ஒரே கலங்கல். ஆக, குற்றவாளி வலதுதான்! கண்ணாடியைக் கழற்றி வலது வில்லையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பினேன். ஒரு பக்கம் திருப்பினால் இன்னும் மோசம். மறுபக்கம் திருப்பத் திருப்ப, அடடா, தேதிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன!

“ஏய், பாப்பாவோட ஜாமெட்ரி பாக்ஸை எடு!” என்று கத்தினேன். சாய்வை அப்படியே பிடித்துக்கொண்டேன், மனைவி கோணமானியை வைத்தாள். நாற்பது டிகிரி.

இருபது என்றுதானே சீட்டில் இருக்கிறது, நாற்பது எங்கிருந்து வந்தது? அங்கேதான் என் பட்டறை மூளை வேலை செய்தது. எங்களிடம் ஒருவன் தகட்டைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் அளவு குறித்து ஓட்டை போட்டுவிட்டான். சாய்வு எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் இருபது சாய வேண்டியது அந்தப் பக்கம் இருபது சாய்ந்தால், நடுவில் நாற்பது! கோணமானியில் அந்தப் பக்கத்து இருபது, நூற்று எண்பதில் இருபது குறைத்து நூற்று அறுபது என்றிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வில்லையைப் பின்பக்கமாகப் பிடித்துக் குறித்திருக்கிறார்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவர் கடை திறக்கும் முன்னே வாசலில் நின்றேன். நான் சொல்வதை முழுசாகக் கேட்கக்கூட இல்லை அவர்.

“இருபத்தெட்டு வருஷமா வில்லை வெட்டுறேன் சார். நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?”

“மூணாவதுல பாதி. உங்க மெஷின்ல வச்சுப் பாருங்க. இருபதுக்குப் பதிலா நூத்தி அறுபதுன்னு காட்டலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

வில்லையின் பவர் பார்க்கும் மெஷினில் கண்ணாடியை வைத்துக் கண்ணைப் பதித்தார். சக்கரத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

“நூத்தி அறுபதுதான் சார். புதுசா வெட்டித் தர்றேன். காசு வேணாம். வெளியில சொல்லிராதீங்க.”

“ஒரு மணிக்குள்ள வேணும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை வில்லையை முன்பக்கம் பிடித்து என்னிடமே காட்டிவிட்டுக் குறித்தார்.

இரண்டு மணிக்குப் பலகை முன்னால் நின்றேன். ஏழாவது வரியை இடமிருந்து படித்தேன், கேட்காமலே வலமிருந்தும் படித்துக் காட்டினேன். சூப்பர்வைசர், “போதும்ணே, மேலே ஏறுங்க” என்றார். ஏறியதும் என்ன செய்தேன் தெரியுமா? தீப்பெட்டி வைக்கச் சொன்னேன். நசுங்கவில்லை!

சம்பளம் கைக்கு வந்ததும் நேராக மச்சினன் கடைக்குப் போனேன். கடைப் பையன்கள் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அவன் ஒரு பில்லைப் படித்துக்கொண்டிருந்தான், கையை முழ நீளத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு.

“மாப்ளே, கை போதலையா? இன்னும் தள்ளிப் பிடிக்கணும்னா எதிர்க்கடைக்காரரைத்தான் பிடிச்சுக்கச் சொல்லணும். உனக்கு வெள்ளெழுத்து வந்துருச்சு. நாப்பது தாண்டினா வர்றதுதான். டாக்டரம்மா உனக்கு ப்ளஸ் போடுவாங்க.”

பையன்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரி மாமா, பவர் பார்க்கறப்ப நீங்களும் கூட வாங்க.”

“வர்றேன். இப்ப கையை நீட்டு.”

விரித்த அவன் உள்ளங்கையில் நூறு நூறாக, கடையே கேட்க எண்ணி வைத்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.