ஒரு கண்ணுக்கு மட்டும் ஊதா

தையல் கம்பெனியில் காலர் மட்டுமே தைப்பதால் அவளுக்குக் காலர் அக்கா என்றே பேர். ஐம்பது வயதில் ஆசை வந்து, மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்த ஐஷேடோ டப்பாவை வாங்கிவிட்டாள். காலையில் புருஷனுக்குத் தெரியாமல் குளியலறையில் ஊதாவைத் தொட்டுப் பூசினாள். ஒரு கண் முடிவதற்குள் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. அவசரமாகத் துடைத்ததில் கண்ணுக்குக் கீழேயும் அப்பிக்கொண்டது.

"கண்ணுல என்னக்கா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

இந்த வயசில் மேக்கப்பா என்று சிரிப்பார்களே. "கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கதவில் இடித்துக்கொண்ட பெண்கள் அங்கே நிறையப் பேர். கழுவினால் பொய் தெரிந்துவிடும் என்று அவள் முகம்கூடக் கழுவவில்லை.

மத்தியானம், அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டோடு புருஷன் வந்தான். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷன். எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். மெஷின்காரி சாப்பாட்டு டப்பாவை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள். காலர் அக்கா தைத்த காலரையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியல. ஆனா அந்தக் கலர் உனக்கு நல்லா இருக்கு. நாளைக்கு இன்னொரு கண்ணுக்கும் போட்டுக்கோ."